ஜீப் கிளம்பும் நேரமும் ஓ.பி. திறக்கும் நேரமும்

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 2

பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கின்றன. காப்பீட்டு அட்டை இருந்தால் ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இத்தனை இருந்தும் தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் மருந்துக்கடையில் காசு கொடுத்து மாத்திரை வாங்குகிறார்கள். பாதியில் நிறுத்தியும் விடுகிறார்கள். விழிப்புணர்வு இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா?

ஆகஸ்ட் 3, இரவு

இருக்க முடியும். "விழிப்புணர்வு இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கம்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் ஆட்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை சர்க்கரைக்குப் பார்ப்பார்கள், எந்த வரிசை சீக்கிரம் நகரும், எந்த நர்ஸ் திட்டாமல் ரத்தம் எடுப்பார் என்பதெல்லாம் எனக்கு அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அவர்களின் ஒரு நாளைப் பாருங்கள். விடிவதற்கு முன்பே சோறு பொங்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார்கள். குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, கேரளத்தில் வண்டன்மேடு, அணைக்கரை பக்கத்துத் தோட்டங்களில் இறங்குகிறார்கள். திரும்பி வந்து வீட்டு வாசலில் கால் வைக்கும்போது விளக்கு வைக்கும் நேரம். அரசு மருத்துவமனையில் ஓ.பி. என்னும் வெளிநோயாளர் பிரிவு முற்பகலோடு முடிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பகலில்தான் பார்ப்பார்கள். ஆக, இலவச மாத்திரையை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். அந்தக் கூலியில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தால் என் கடையில் ஒரு மாதத்துக்கு அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை வாங்கலாம். இலவசத்தைவிட விலைக்கு வாங்குவது மலிவு. இப்படி விலைக்கு வாங்கும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்குப் பொருளாதாரம் தெரியாது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்று யாரும் கேட்க வேண்டாம். தோட்டம் லீவு விடும் அன்றுதான் பிரஷர், சர்க்கரை கிளினிக்கும் லீவு.

ஆகஸ்ட் 4

பாதியில் நிறுத்துவதைப் பற்றிக் கேட்டதற்கு நேற்றுப் பதில் சொல்லவில்லை.

மாலை ஆறரைக்கு மேல் ஜீப்புகள் வரிசையாக வரும். அதன்பின் ஒன்றரை மணி நேரம் கடையில் நிற்க இடம் இருக்காது. கைகளில் ஏலக்காய்ச் செடியின் கறை கறுப்பாகப் படிந்திருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. இடுப்புப் பையிலிருந்து பாலிதீன் உறை ஒன்று வெளிவரும். அதற்குள் ரேஷன் அட்டை நகல், காப்பீட்டு அட்டை, நான்காக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன மருந்துச் சீட்டு. "அண்ணே, பத்து மாத்திரை கொடுங்கள். சனிக்கிழமை கூலி வந்ததும் மீதி வாங்கிக்கொள்கிறேன்" என்பார்கள். நான் கத்திரியை எடுத்து மாத்திரை அட்டையை வெட்டுவேன். காலாவதித் தேதி அச்சிட்ட நுனியை என் பக்கமே வைத்துக்கொள்வேன். அடுத்து வருபவர் கேட்டால் காட்ட வேண்டுமல்லவா? இவர் கைக்குப் போவது பெயரும் தேதியும் இல்லாத துண்டு. வீட்டில் கணவனுடைய துண்டும் மாமியாருடைய துண்டும் அதே டப்பாவில் கிடக்கும்.

ஏலக்காய் எடுப்பு முடிந்து வேலை குறையும் மாதங்களில் இந்தப் பத்து ஐந்தாகும். பிறகு ஆளையே காணோம். மறுபடி வேலை தொடங்கியதும் வருவார்கள், பிரஷர் எகிறிய நிலையில். நிறுத்துகிறவர்கள் மறந்துபோய் நிறுத்துவதில்லை. அவர்களின் மாத்திரை கூலியின் பருவத்தைப் பின்பற்றுகிறது.

ஆகஸ்ட் 5

"இது உங்கள் ஊர் அனுபவம், ஆய்வு எங்கே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தபால் வழியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தவன் நான். சுகாதாரப் பொருளாதாரம் ஒரு தாள்தான், அதுவே பிடித்துப்போய்த் தொடர்ந்து படித்தேன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

ஜான் ஆக்டன் என்பவர் 1975ல் நியூயார்க் ஏழை மக்களை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. காசு விலை குறையக் குறைய, பயண நேரமும் காத்திருக்கும் நேரமுமே விலையாகிவிடுகின்றன. அரசு கிளினிக்குக்கு வருவார்களா மாட்டார்களா என்பதைத் தூரம்தான் முடிவு செய்கிறது. அவர் கணக்குச் சூத்திரங்களோடு எழுதினார். என் கடைக்கு வரும் ஏலக்காய் எடுப்பவர் அதையே ஒரே வரியில் சொல்வார்: "தருமாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு கூலி."

விலையே வேண்டாம் என்று எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை நடத்திய காப்பீட்டுப் பரிசோதனை இருக்கிறது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், சிலருக்குப் பகுதிச் செலவு என்று வைத்தார்கள். காசு கொடுக்க வேண்டியவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள். தேவையற்றதை மட்டுமல்ல, தேவையானதையும் அதே அளவில் குறைத்தார்கள். சராசரி ஆளின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏழைகளில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு இலவசம் தெளிவாக உதவியது. நாம் பேசிக்கொண்டிருப்பது சரியாக அவர்களைப் பற்றித்தான்.

ஆகஸ்ட் 5, பின்னிரவு

யாராவது "அப்படியானால் உங்கள் கடை வியாபாரமே ஓ.பி. நேரத்தை நம்பித்தான் ஓடுகிறது" என்று எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். ஆமாம்.

ஆகஸ்ட் 8

மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒருவர் அது 2019ல் தொடங்கியது என்கிறார். இல்லை, 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டத்தில். நல்ல திட்டம். என் அம்மாவுக்கு வீட்டிலேயே பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தன்னார்வலர் எங்கள் தெருப் பெண்தான். அம்மா மாத்திரையைப் போட்டாரா என்று என்னைவிட அவர்தான் அதட்டிக் கேட்கிறார்.

ஆனால் அம்மா பகலில் வீட்டில் இருப்பவர். தோட்டத்துக்குப் போகிறவரைத் தேடி வந்தால் பூட்டு தொங்கும். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள், மாத்திரை வந்து சேர்ந்துவிடும், பிரஷர் பார்ப்பது மட்டும் நடக்காது. ஒரே அளவு மாத்திரை வருடக்கணக்கில் ஓடும். 2024ல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று வேலை செய்யும் இடத்துக்கே போகும் திட்டமும் வந்தது. அதுவும் நல்லதுதான். ஆனால் எங்கள் ஆட்கள் வேலை செய்யும் இடம் கேரளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுத் திட்டம் அவர்களை வீட்டில் தேடுகிறது, அப்போது அவர்கள் வீட்டில் இல்லை. கேரளத் திட்டம் அவரவர் வார்டில் குடியிருப்பவர்களைத் தேடுகிறது, அவர்களோ அங்கே குடியிருப்பவர்கள் இல்லை. இரண்டு மாநிலமும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆகஸ்ட் 9

முல்லைப் பெரியாறு பற்றி இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், ஆரம்பித்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். தண்ணீர் அங்கிருந்து இங்கே இறங்கி வருகிறது, ஆட்கள் இங்கிருந்து அங்கே ஏறிப் போகிறார்கள். தண்ணீருக்கு ஒப்பந்தம் 1886லேயே எழுதிவிட்டார்கள். அடுத்த விஷயத்துக்கு வருவோம்.

ஆகஸ்ட் 13

வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தது என்னை இரண்டு நாள் குடைந்தது. அவருடைய தாத்தா காலத்தில் தேயிலை எஸ்டேட்டுக்குள்ளேயே ஆஸ்பத்திரி, கம்பவுண்டர், பிரசவத்துக்கு நர்ஸ் எல்லாம் இருந்ததாம். இருந்திருக்கும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி செய்து தருவதை நிர்வாகத்தின் கடமையாக வைத்தது. சரியாகச் செய்தார்களா என்பது வேறு. ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கதவு இருந்தது. ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிப் போய்விட்டுக் கொழுந்தெடுக்கத் திரும்பிவிடலாம். நேரச் செலவு என்பதே கிட்டத்தட்ட இல்லை.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேயிலை விலை விழுந்தபோது பீர்மேடு பக்கம் பல எஸ்டேட்டுகளை நிர்வாகங்கள் கைவிட்டுப் போயின. கூலி பாக்கி பற்றி எல்லோரும் எழுதினார்கள். கூடவே அந்த ஆஸ்பத்திரிகளும் மூடப்பட்டன. வேலையோடு கட்டிவைத்த மருத்துவம் வேலை போகும்போது சேர்ந்தே போகும். நோய் கூடும் நேரமும் அதுதான்.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு மருத்துவர். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் வைத்தியம் பார்த்தவர். 1971ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கும், சந்தையின் கையில் விட்டால் இந்தத் தலைகீழ் இன்னும் மோசமாகும். எல்லோரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். அவர் செய்த வேலையை யாரும் சொல்வதில்லை. தன் ஊரில் பெரியவர்கள் அத்தனை பேருக்கும், நோயென்று வந்தவர்களுக்கு மட்டுமல்லாமல் வராதவர்களுக்கும் ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வைத்துத் தொடர்ந்து கவனித்தார். வராதவர்களின் பட்டியல் அவர் மேசை மேல் இருந்தது. நம்மிடம் இருப்பதெல்லாம் வந்தவர்களின் பட்டியல்.

ஆகஸ்ட் 14

மேலே எழுதியதில் எஸ்டேட் ஆஸ்பத்திரியைக் கொஞ்சம் பொன்னாக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. மருந்தும் சம்பளமும் ஒரே கையிலிருந்து வரும்போது, உடம்பு சரியில்லை என்று யார் சொல்வது? லீவு கொடுப்பவரும் மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பவரும் ஒருவரே. வண்டிப்பெரியாறுக்காரரின் தாத்தா இருந்தால் இதையும் சொல்லியிருப்பார்.

ஆகஸ்ட் 18

"கேரளாவில் இந்தப் பிரச்சினையே இல்லை" என்பவருக்கு.

கேரளம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது. 2017ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக்கி, ஓ.பி.யை மாலை ஆறு மணி வரை நீட்டினார்கள். கூடுதல் மருத்துவர், கூடுதல் நர்ஸ் போட்டுத்தான் அதைச் செய்ய முடிந்தது. வேலைக்குப் போகிறவரை நினைத்துச் செய்த மாற்றம் அது. அதற்கு முழு மதிப்பெண்.

ஆனால் சொந்தக் கையிலிருந்து தலைக்கு அதிகமாக மருத்துவச் செலவு செய்யும் மாநிலங்களில் கேரளம் முன்வரிசையில் நிற்கிறது. முதியவர்கள் அதிகம், நாள்பட்ட நோய்கள் அதிகம், தனியார் மருத்துவமனைக்குப் போகும் பழக்கம் அதிகம். நல்ல சுகாதாரமும் பெரிய பில்லும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. நாட்டளவில் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது 2013-14ல் 64.2 சதவீதம், 2021-22ல் 39.4 சதவீதம் என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. இறக்கம் பெரியதுதான். அதே நேரம் என் கல்லாவில் விழும் பத்துப் பத்து மாத்திரைக் காசும் அந்த 39க்குள்தான் இருக்கிறது. காப்பீட்டு அட்டை அதைத் தொடாது. படுக்கையில் சேர்ந்தால்தான் அட்டை பேசும். தினமும் விழுங்கும் மாத்திரைக்கு அது ஊமை.

நடுவில் ஒரு சிரிப்பு. தமிழ்நாட்டில் லாட்டரி 2003லேயே தடை. ஆகவே எங்கள் ஆட்கள் குமுளியில் காருண்யா லாட்டரிச் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். அந்த லாட்டரி கேரளத்தின் ஏழை நோயாளிகளுக்கு உதவும் நிதிக்காகத் தொடங்கப்பட்டது. கம்பத்துப் பிரஷர்க்காரர் மாத்திரைக் காசில் சீட்டு வாங்கிக் கேரளத்து நோயாளிக்கு வைத்தியம் பார்க்கிறார். மாநிலங்களுக்கிடையே நிதிப் பகிர்வு இல்லை என்று யார் சொன்னது?

ஆகஸ்ட் 24

டயாலிசிஸ் பற்றி எழுதுங்கள் என்று தனிச் செய்தி வந்தது. எழுத மனம் வராமல் தள்ளிப்போட்டேன். எங்கள் குடும்பத்திலேயே நடந்தது.

என் சித்தப்பா மலைமேல் சொந்தமாகக் கொஞ்சம் ஏலம் வைத்திருந்தவர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை. நம் பக்கம் பெரும்பாலும் இரண்டு முறைதான் நடக்கிறது, அவருக்கும் இரண்டுதான். மெஷின் இலவசம். 2016ல் மத்திய அரசின் டயாலிசிஸ் திட்டம் வந்தது, அதற்கு முன்பே மாநிலக் காப்பீட்டில் இதற்கு இடம் இருந்தது. ஆகவே பில் பூஜ்யம். சுகாதாரப் பொருளாதாரத்தில் "பேரழிவுச் செலவு" என்று ஒரு கணக்கு உண்டு. குடும்பச் செலவில் 10 சதவீதமோ 25 சதவீதமோ மருத்துவத்துக்குப் போனால் அந்தக் குடும்பம் அந்தப் பட்டியலில் சேரும். பயணச் செலவையும் விட்டுப்போன கூலியையும் அந்தக் கணக்கு பெரும்பாலும் சேர்ப்பதில்லை. எனவே சித்தப்பா பட்டியலில் வரவே மாட்டார்.

நடந்தது இது. அவருக்குக் காலை முதல் ஷிப்ட். மலையிலிருந்து அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. முந்தைய நாள் மாலையே இறங்கி எங்கள் வீட்டில் படுப்பார். உடன் சித்தி. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா போட்ட பக்கம் பாரம் தூக்கக் கூடாது, ஆகவே பையைச் சித்திதான் சுமப்பார். முடிந்து வெளியே வரும்போது தலைசுற்றல், கால் இழுப்பு. அன்று மலையேறினால் வாந்தி. அன்றும் எங்கள் வீட்டில். ஒரு டயாலிசிஸ் என்பது நான்கு மணி நேரம் என்று மருத்துவமனை எழுதிக்கொள்ளும். குடும்பத்துக்கு அது இரண்டு ஆளுக்கு இரண்டு நாள். அதுவும் வாரத்தில் இரண்டு தடவை. அந்தப் பருவத்தில் ஏலக்காயைச் சரியான நேரத்தில் எடுக்க ஆளில்லாமல் செடியிலேயே பழுத்து வெடித்தது. பிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டார்கள்.

ஒரு முறை அந்த மையத்தில் மெஷின் பழுது என்று அவரை மாலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை. சித்தி வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கத்தினேன். டெக்னீஷியன் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், இரண்டு ஆள் வேலையை ஒருவனாகச் செய்துகொண்டிருந்தான். "சார், எனக்கும் யாரும் முன்னால் சொல்லவில்லை" என்றான். கத்தியதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 26

சித்தப்பா விஷயத்துக்கு ஆறுதல் எழுதியவர்களுக்கு நன்றி. அவர் இப்போது இல்லை. அதைப் பற்றி இங்கே தொடர வேண்டாம்.

"வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்யலாமே" என்ற கேள்வி நல்ல கேள்வி. வயிற்றுக்குள் கரைசலை விட்டு, கழிவோடு வெளியே எடுக்கும் முறை அது. ஹாங்காங் 1985லிருந்தே அதைத்தான் முதல் வழியாக வைத்தது. தாய்லாந்து 2008ல் அதே கொள்கையைத் தன் பொதுக் காப்பீட்டில் கொண்டுவந்தது. கரைசல் பைகளைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். மெஷின் மையங்கள் நகரங்களில் குவிந்திருக்கும் நாட்டில், கிராமத்து ஆளுக்குப் போகும் நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. பின்னர் 2022ல் தாய்லாந்து அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, எந்த முறை வேண்டும் என்பதை நோயாளியிடமும் மருத்துவரிடமும் விட்டது.

வீட்டில் வைத்தியம் என்றால் தமிழ்நாட்டுக்காரர்கள் தலைநிமிர ஒரு காரணம் இருக்கிறது. காசநோய்க்கு சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் படுக்கவைத்தே தீர வேண்டும் என்று உலகம் நம்பிய காலத்தில், சென்னையில் 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு சானடோரியம், மறுபாதிக்கு அவரவர் குடிசையிலேயே மாத்திரை என்று பார்த்தார்கள். முடிவு 1959ல் வந்தது. குடிசையில் அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடுவதற்கு அது பெரிய காரணம். புது மருந்து கண்டுபிடிக்கவில்லை, அதே மருந்தை எங்கே வைத்துக் கொடுப்பது என்ற ஏற்பாட்டை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். சித்தப்பாவுக்கு வயிற்று வழி முறை என்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? நாளுக்கு மூன்று நான்கு முறை பை மாற்ற வேண்டும். தொற்று வராத சுத்தமான இடம் வேண்டும். அட்டைப் பெட்டிகளை அடுக்க இடம் வேண்டும். ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எங்கே அடுக்குவது? அத்தனையையும் சித்திதான் செய்திருப்பார். மருத்துவமனை தன் செலவைக் குறைத்துவிட்டது என்று ஆய்வில் எழுதுவார்கள். குறைந்த செலவு சித்தியின் தோளில் ஏறியிருக்கும், அங்கே அளக்க ஆள் இல்லை. இருந்தும் வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்ததைவிட அதையே அவர் தேர்ந்தெடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருந்தால்.

ஆகஸ்ட் 27

இல்லை, பை தபாலில் வந்தாலும் செக்போஸ்டில் நிறுத்துவார்கள் என்று எழுதியவரே, நன்றாகச் சிரித்தேன். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கின்போது நடந்ததை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. தலைப்பாடியில் கர்நாடகம் எல்லையை அடைத்தபோது, மங்களூரை நம்பியிருந்த காசர்கோடு நோயாளிகள் ஆம்புலன்சிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள், உயிர்களும் போயின. விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. எல்லைப்புறத்துக்காரனின் ஆஸ்பத்திரி பெரும்பாலும் அடுத்த மாநிலத்தில்தான் இருக்கும்.

செப்டம்பர் 3

"அப்படியானால் தனியார் மருத்துவரிடம் மாலையில் போகட்டும்" என்று ஒருவர். போகிறார்கள். ஊசி போட்டுக்கொண்டு ஏழரைக்கு என் கடைக்கு வருகிறார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் பொருளாதார ஆய்வாளர் ஜிஷ்ணு தாஸ் குழுவினர் செய்த ஆய்வு 2016ல் வெளியானது. நடிக்கப் பயிற்சி பெற்ற ஆட்களை நோயாளிகளாக அனுப்பினார்கள். ஒரே மருத்துவரிடம் அரசு நிலையத்துக்கும் அனுப்பினார்கள், அவருடைய சொந்த கிளினிக்குக்கும் அனுப்பினார்கள். சொந்த கிளினிக்கில் அவர் கூடுதல் நேரம் பார்த்தார், கூடுதல் கேள்வி கேட்டார், சரியான மருந்தும் அதிகமாக எழுதினார். படிப்பு அதே படிப்பு, இடம்தான் வேறு. ஆனால் தேவையற்ற மருந்து இரண்டு இடத்திலும் தாராளம். இதைப் படித்துவிட்டு "தனியார்தான் சரி" என்று சிலர் கிளம்பினார்கள். நான் படித்தது வேறு. அதே ஆள் ஓர் இடத்தில் நன்றாகவும் இன்னோர் இடத்தில் ஏனோதானோவென்றும் வேலை செய்கிறார் என்றால், திருத்த வேண்டியது அந்த இடத்தின் ஏற்பாட்டை.

செப்டம்பர் 7

கண் ஆஸ்பத்திரி உதாரணம் கேட்டிருந்தீர்கள். மதுரை அரவிந்த் 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது, கட்டணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அவர்கள் தங்களையே சந்தேகப்பட்ட இடம். கிராமம் கிராமமாக இலவச முகாம் போட்டும், கண் பிரச்சினை உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று 1999ல் வெளியான ஆய்வு காட்டியது. மற்றவர்கள் எங்கே? பஸ் காசு, கூட வர ஆள், வீட்டில் மாடு, எடுப்புக் காலம். முகாம் வருவது ஒரு நாள், கண் மங்குவது எல்லா நாளும்.

அதற்கு அவர்கள் "விழிப்புணர்வு" நோட்டீஸ் அடித்து நிறுத்திக்கொள்ளவில்லை. 2004 வாக்கில் எங்கள் தேனி மாவட்டத்திலேயே சிறு ஊர்களில் நிரந்தரக் கண் மையங்களைத் திறந்து, தேனிக் கிளையில் இருக்கும் மருத்துவரோடு கணினி வழியே பேசவைத்தார்கள். மையத்தில் இருப்பவர் அந்தப் பக்கத்திலேயே பயிற்சி பெற்ற பெண். கண்ணாடி அங்கேயே கிடைக்கும். மதுரைக்குப் போக வேண்டியவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

உதய்ப்பூரில் தடுப்பூசிக்கு ஒரு கிலோ பருப்பு கொடுத்த கதையும் இதோடு சேரும். ஒன்றும் செய்யாத கிராமங்களில் 6 சதவீதம் குழந்தைகளுக்கு முழுத் தடுப்பூசி, தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18, முகாமோடு பருப்பும் சேர்ந்தபோது 39. பருப்பைப் பார்த்து ஏழைகள் ஏமாந்தார்கள் என்று சிலர் எழுதினார்கள். ஏமாறவில்லை. வந்துபோகும் செலவில் ஒரு பங்கை யாரோ திருப்பிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 7, இரவு

பருப்பு என்ன பருப்பு என்று கேட்காதீர்கள்.

செப்டம்பர் 15

"விமர்சனம் போதும், என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள்" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள்.

கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டி, உத்தமபாளையம். இந்த ஊர்களில் ஜீப் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், வாரம் இரண்டு மாலை, ஆறரையிலிருந்து ஒன்பது வரை ஓர் ஓ.பி. பிரஷர், சர்க்கரை மட்டும் போதும். மாத்திரை ஒரு மாதத்துக்கு மொத்தமாக, பெயரும் தேதியும் உள்ள முழு அட்டையாக. இதில் புதுமை எதுவும் இல்லை. நகரங்களில் 2023ல் திறந்த நலவாழ்வு மையங்களுக்குத் தமிழ்நாடு அரசே காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, மாலை நான்கிலிருந்து எட்டு என்று நேரம் வைத்தது. நகரத்துக் கூலிக்காரருக்குப் புரிந்த நேரக் கணக்கு மலையடிவாரத்துக்கும் பொருந்தும். மருந்து வாங்கி அனுப்புவதில் நமக்குக் குறை இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை 1994ல் அமைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புத்தகம் கொடுத்து மருந்து எடுக்கவைத்த ஏற்பாட்டைப் பல மாநிலங்கள் பார்த்துச் செய்தன. மாத்திரை குடோனில் இருக்கிறது. சாயங்காலம் அதைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

தடங்கலும் எனக்குத் தெரியும். இரவு ஒன்பதுக்கு அந்த நர்ஸ் எப்படி வீடு போவார்? சின்னமனூரிலிருந்து வருபவர் என்றால் கடைசி பஸ்சைப் பிடிக்க எட்டே முக்காலுக்கே கதவைப் பூட்டுவார். பகல் வேலையோடு இதையும் சேர்த்து அவர் தலையில் கட்டினால், ஆறு மாதத்தில் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். ஆகவே தனி ஷிப்ட், தனிச் சம்பளம், திரும்பிப் போக வண்டி. இதற்கெல்லாம் காசு வேண்டும். இப்போதும் அந்தக் காசு செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, பக்கவாதம் வந்து தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் படுக்கும்போது. அது வேறு தலைப்பில் எழுதப்படுகிறது.

கேரளப் பக்கம் செய்ய வேண்டியது ஒன்று. தோட்டத்தில் வேலை செய்பவருக்கு எந்த மாநில ரேஷன் அட்டை என்று கேட்காமல் ரத்த அழுத்தம் பார்க்கலாம். பார்த்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், இங்கே மருந்து கொடுத்துக்கொள்கிறோம். அந்தச் சீட்டு மலையாளத்தில் இருந்தாலும் எண்ணுக்கு மொழி இல்லை.

செப்டம்பர் 16

"மாலை ஓ.பி. வந்தால் உங்கள் கடை?" என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். 2025 பிப்ரவரியில் குறைந்த விலையில் மருந்து விற்கும் முதல்வர் மருந்தகங்களை அரசு திறந்தபோதும் இதையே கேட்டார்கள். பிரஷர் மாத்திரையில் எனக்கு நிற்பது பெரிய லாபம் இல்லை. வலிநிவாரணித் தைலமும் குழந்தைப் பவுடரும் கடை வாடகையைக் கட்டும். உதவிக்கு இருக்கும் பையனை மாலையில் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம்.

செப்டம்பர் 21

போடிமெட்டு வழியாகப் போகிறவர்களின் கணக்கு வேறு என்று போடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே சில தோட்டங்களில் வாரம் முழுக்க மலையிலேயே தங்கிச் சனிக்கிழமை இறங்குகிறார்களாம். அப்படியென்றால் நான் சொன்ன வாரநாள் மாலை அவர்களுக்கு உதவாது, சனி இரவோ ஞாயிறு காலையோ வைக்க வேண்டும். போடி, தேவாரம், கோம்பைக்காரர்கள் உங்கள் ஊரில் ஜீப் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், தங்கி வேலை செய்கிறவர்கள் இறங்கும் கிழமை, மூன்றையும் எழுதுங்கள். சேர்த்துவைத்து வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுக்கிறேன்.